குறைக்காத எடை

மைக்குக்கு முன்னால் வந்ததும் இரும்பக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்கிறார். கண்ணை மூடி வாயால் ஒரு மூச்சு விடுகிறார். அது ஒலிபெருக்கி வழியே கிளம்பி அடுத்த தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கிறது. "கொஞ்சம் தள்ளி நின்னு ஊதுங்கக்கா, என் பொழப்பைக் கெடுக்காதீங்க" என்று மைக் செட்காரர் கும்பிடுகிறார். பேச்சென்னவோ சுருக்கம்தான். "குழாய் வந்துச்சு, தண்ணி வரல. ஏன்னு சட்டசபையில கேக்கணும். அதுக்குத்தான் நிக்கிறேன்." இறங்கிவிடுவார்.

பளு தூக்குவதில் மாநிலத்துக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் கட்சி அழைத்தது. தலைவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான். அக்கா படத்துக்கும் நின்றார், நகராட்சித் தேர்தலிலும் நின்றார். அதில் ஜெயித்தார். சட்டசபைக்கு இதே தொகுதியில் இரண்டு முறை நின்று, முதல் முறை மண்ணைக் கவ்வினார். அடுத்த முறை மயிரிழையில் விட்டார்.

தோற்ற மறுநாளே அலுவலகத்தைத் திறந்து மனு வாங்க உட்கார்ந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. "போட்டியில மூணு தடவை தூக்கலாம். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல?" மூன்றாவதும் போனால் அரசியலுக்கே முழுக்கு என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். தையல்காரக் கணவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. "கையைத் தூக்கித் தூக்கிக் கும்பிடாம வீட்டோட இருந்தா, ரவிக்கையோட தோள்பட்டைத் தையலாவது பொழைக்கும்" என்கிறார்.

அக்காவைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த அன்று கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்திருந்தார்.

"தங்கச்சி, பக்கத்துத் தொகுதியைத் தலைவர் உனக்குன்னே ஒதுக்கிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கலாம். இன்னைக்கே சம்மதம் சொல்லிடு."

"ஒரு எடையைச் சொல்லித் தூக்க முடியலேன்னா, அடுத்த தடவை அதே எடை, இல்லேன்னா அதுக்கு மேலதாண்ணே. குறைக்க விட மாட்டாங்க."

"அது விளையாட்டும்மா. அரசியல்ல எடையைக் குறைச்சுக்கிட்டவன்தான் மந்திரி."

"ரெண்டு தடவையும் எனக்கு ஓட்டுப் போட்டவங்க மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது?"

கைக்கு வந்த பதவியை இந்த மனுஷி உதறிவிட்டு, மறுபடி தோற்று, ஒரேயடியாக ஒதுங்கிவிடுவாரே என்றிருந்தது எனக்கு. வாயைத் திறந்து சொல்லவும் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

செயலாளரும் லேசுப்பட்டவரல்ல. "நீ சரின்னு சொல்ற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு அசைய மாட்டேன்" என்று கணவர் கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா எழுந்தார். "சிந்திடப் போகுது, ரெண்டு கையாலயும் புடிச்சுக்குங்கண்ணே" என்றார். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கிக் குனிந்து, நாற்காலியை அடியில் பிடித்து, அண்ணனோடு சேர்த்துத் தூக்கிப் போய் வாசலில் வைத்தார்.