ஜெமீலா ராத்தாவின் இட்லி

ஜெமீலா ராத்தா போய்விட்டாராம். காலையில் மாத்தளையிலிருந்து அவர் மகன் மெசேஜ் அனுப்பியிருந்தான்... தொண்ணூறு தாண்டியிருக்கும்.

படித்ததும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். மருமகள் பயந்துபோய் பி.பி. மிஷினை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி இலங்கையில் மாத்தளைக்குப் போனவள் நான். இவர் அங்கே கணக்கு வாத்தியார்.

பக்கத்து வீடு ராத்தாவுடையது. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் சேர்ந்துகொண்டேன்.

எனக்கு மூன்றாம் மாதம். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பாண் என்கிற ரொட்டி, இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி... எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனால் வாய் கேட்டது இட்லி. இரண்டே இரண்டு இட்லி.

உளுந்துக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து சாமான் வருவதையே அரசாங்கம் நிறுத்தியிருந்த நேரம். டவுனில் இருந்த சைவக் கடையிலும் இட்லியை நிறுத்திவிட்டார்கள்.

நான் எலும்பும் தோலுமாகிவிட்டேன். பிரசவம் அம்மா வீட்டிலேயே ஆகட்டும் என்று இவர் கப்பல் டிக்கெட் விசாரிக்கத் தொடங்கினார். போனால் திரும்பி வர பெர்மிட் கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இவரை விட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை.

மதிலோரம் நின்று ராத்தாவிடம் அழுதேன். இட்லி எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் கேள்விப்பட்டதோடு சரி, சாப்பிட்டதில்லை.

வெள்ளையாக, வட்டமாக, ஆவியில் வெந்து மெத்தென்று இருக்கும் என்றேன். தொட்டுக்கொள்ளத் தேங்காயும் மிளகாயும் அரைத்த சட்னி. "அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கணவரை நாங்கள் நானா என்போம். நாவுல என்ற ஊர்ப் பக்கம் போய்க் காய்கறி வாங்கி வந்து விற்பவர். அங்கே ஒரு விவசாயியிடம் கெஞ்சிக் கூத்தாடி, தோல் உளுந்து கொஞ்சம் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆட்டுக்கல் இல்லை. ராத்தா அம்மியிலேயே அரைத்தார்... கை வீங்கிப்போனது.

அடைமழைக் குளிரில் மாவு பொங்கவில்லை. சட்டியைப் பழைய புடவையில் சுற்றி, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிப்போய், பாண் சுடும் போறணை அடுப்புக்கு மேலே வைத்துவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் குழந்தையைப் பார்ப்பது போல அடிக்கடி எட்டிப் பார்த்தாராம்.

இட்லித் தட்டும் கிடையாது. பிரம்பில் பின்னிய இடியாப்பத் தட்டில்தான் மெல்லிய துணி விரித்து ஊற்றி அவித்தார். அடியில் தட்டின் பின்னல் அப்படியே பதிந்த இட்லிகள்... இந்த உலகத்தில் வேறு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் சுத்த சைவம் என்பது அவருக்குத் தெரியும். தன் வீட்டுச் சட்டியில் மீன் வாடை இருக்கும் என்று எல்லாமே புதுச் சட்டியாக வாங்கியிருந்தார். அவ்வளவு பக்குவம்.

இவர் ஸ்கூலுக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தட்டில் இட்லி, பக்கத்தில் சட்னிக்குப் பதிலாக, தேங்காயும் மிளகாயும் இடித்துச் செக்கச் செவேலென்று சம்பல். இரண்டு கேட்டவள் நான்கு சாப்பிட்டேன். அந்தச் சம்பல்... அப்படி ஒரு ருசியை அதுவரை என் நாக்கு கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து நானா உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார்.

"சம்பலுக்கு மாசி போட்டீங்களா?"

"போடாம? மாசி இல்லாம என்ன சம்பல்?"

"அது மீன் தானே..."

"மீன் எங்க போட்டேன்? மாசி தானே போட்டது" என்று சொன்ன ராத்தாவின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது.

சூரை மீனை அவித்துக் காயவைத்து இடித்த தூள்தான் மாசி. அந்த ஊரில் அது மீன் கணக்கிலேயே வராது. உப்பு மாதிரி, கை தானாக எடுத்துப் போட்டுவிடும்.

ராத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே... வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைக்கு இப்படிச் செஞ்சிட்டேனே" என்று ஒரே அழுகை. நானா சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்.

நானும் அழத்தான் வேண்டும். ஆனால் வாந்தி வரப்போகிறது என்று பயந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ராத்தா அழுதுகொண்டே ஒரு பேசினைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் வரவில்லை! பல நாளுக்குப் பிறகு வயிறு நிறைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது... என்னைப் பார்த்து ராத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி... மாவு மிச்சம் இருக்கு. சம்பலுக்கு மாசி போடவா, வேணாமா?"

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இவர் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

"போடுங்க ராத்தா" என்றேன்.

உளுந்து தீர்ந்த பிறகு பாணுக்கும் அதே சம்பல்தான். உடம்பு தேறியது. கப்பல் டிக்கெட் பேச்சை இவர் விட்டுவிட்டார். மகள் மாத்தளையிலேயே பிறந்தாள்.

அவளுக்கு இன்றுவரை மீன் இல்லாமல் சோறு இறங்காது. சைவக் குடும்பத்தில் இது எங்கிருந்து வந்தது என்று இவர் கடைசி வரை குழம்பிக்கொண்டேதான் இருந்தார்... ராத்தாவும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ராத்தா. இத்தனை வருஷம் ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், இன்றைக்கு நானே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.