பதினாலு சுற்று

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. ஊரில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சாவி அண்ணன் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். நெஞ்சு உயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் சாய்த்துக் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகக் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதுதான்.

கடைத்தெரு முனையில் உள்ள குழி வால்வுக்குக் காலை ஆறு மணிக்குப் பதினாலு சுற்று. பதினைந்தாக்கினால் கடைத்தெரு குளிக்கும், மேட்டுத் தெரு காயும். பதின்மூன்றாக்கினால் கடைத்தெருப் பிரசவ ஆஸ்பத்திரியின் தொட்டி நிறையாது. எந்த இன்ஜினியரும் சொல்லித் தந்ததல்ல. முதல் வருடம் முழுக்க மேட்டுக்கும் கடைத்தெருவுக்கும் சைக்கிள் மிதித்து, மூச்சு வாங்கி, அவரே கண்டுபிடித்தது. அந்த வால்வுக்கு ஒரு கோணல் புத்தியும் உண்டு. மற்ற குழாய்களெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். இது வலப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். அது அவருக்கும் ஆபீசில் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவார். பாட வராது, எழுந்து நின்று சாட்சி சொல்லவும் கூச்சம். 'கையில் சாவியைக் கொடுத்தவர் ஒருநாள் கேட்பார். நான் எத்தனை பாட்டுப் பாடினேன் என்று கேட்க மாட்டார், மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறியதா என்றுதான் கேட்பார்.' அவருடைய விசுவாசத்தில் அவருக்குத் தெளிவாகப் புரிந்த பகுதி இவ்வளவுதான்.

சங்கடம் மச்சான் உருவில் வந்தது. மனைவியின் அண்ணன், கடைத்தெருவில் லாட்ஜ் வைத்திருக்கிறார், சபைக்குச் செயலாளரும் அவரே. சாவி அண்ணன் குடும்பம் பன்னிரண்டு வருடமாகக் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில்.

"மாப்ள, நாலே நாலு சுத்து. ரூமெல்லாம் ஆளு நிறைஞ்சு கெடக்கு. உன் சொத்தையா கேட்டேன்?"

"என் சொத்தா இருந்தா கொடுத்திருப்பேன் மச்சான். அது மேட்டுத் தெருவோடது."

"மேட்டுத் தெரு என்ன உனக்குப் பொண்ணு கொடுத்துச்சா?"

கோடை முழுக்க இந்தப் பேச்சுத்தான். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மனைவியும் 'ணங்' என்று வைப்பாள். "எங்கண்ணன் வாய்விட்டுக் கேட்டாரு. தலைக்கு மேல கூரை யாரு போட்டதுன்னாவது நெனைச்சுப் பாருங்க."

ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல ஆறு மணிக்குப் பதினாலு சுற்றுத் திறந்துவிட்டு, மற்ற வால்வுகளைப் பார்க்க மேட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு மேட்டுத் தெருவில் குழாய்கள் பீய்ச்சி அடித்தன. "என்னண்ணே, இன்னைக்கு எங்க மேல இவ்வளவு பாசம்?" என்று ஒருத்தி கேட்டாள். பதினாலு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் ஏறாதே என்று நினைத்தார். சரியாகப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா போனில் பிடித்தார்.

"தொட்டியில பொட்டுத் தண்ணி இல்ல. ரெண்டு பேருக்கு வலி எடுத்தாச்சு. பக்கத்து வீடுகள்ல வாளி கேட்டு ஓடிக்கிட்டிருக்கோம். அங்க என்ன பண்றீங்க?"

பறந்து வந்து குழி மூடியைத் தூக்கிச் சாவியை இறக்கினார். வால்வு அடிவரை மூடிக் கிடந்தது. வலப்பக்கம் சுற்றினார். ஒன்று, இரண்டு... பதினாலு. குழாய்க்குள் தண்ணீர் இரைந்து ஓடிற்று. நிமிர்ந்தால் மச்சான் நிற்கிறார், முகமெல்லாம் கொதிப்பு.

"பொறாமையில என் லைனையே மூடிட்டியா? நானே வந்து நாலு சுத்துக் கூட்டி வச்சேன், சொட்டு வரல. சரின்னு கடைசி வரைக்கும் சுத்திப் பாத்தேன், அப்பவும்..."

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எந்தப் பக்கம் சுத்துனீங்க மச்சான்?"

"இடது பக்கம்தான். உலகத்துல எல்லாக் குழாயும்..."

"சாவி?"

"வெல்டிங் கடையில ஒண்ணு செஞ்சேன்."

சாவி அண்ணனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குழந்தைகள் இரண்டும் நல்லபடியாகப் பிறந்தன என்று மத்தியானம் சேதி வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே விட முடிந்தது.

இன்ஜினியர் ரிப்போர்ட் கேட்டார். "பெரிய மனுஷன் பேரை இழுத்துட்டு அலையாதீங்க. மறதியா மூடிட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. ஒரு மெமோ, அவ்வளவுதான்."

"அந்தச் சாவி இன்னும் அவர்கிட்டத்தான் இருக்கு சார். அடுத்த தடவை வலது பக்கம் சுத்துவாரு. மேட்டுத் தெரு காயும்."

மச்சானிடம் சாவியைக் கேட்டார். தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார். லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் துணி சுற்றி நின்ற அந்தச் சாவியை இவர் கண்ணால் பார்த்தார். போதகரிடம் போனார். "செயலாளர் நல்ல மனுஷன். ஜெபத்துல வைப்போம் தம்பி" என்றார் போதகர்.

"ஜெபத்துல வைக்க இது என்ன காய்ச்சலா ஐயா? சாவியைப் பிடுங்கிக் கொடுங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மனைவி அழுதாள். "ஒரு வரிதானே! உங்க பேர்ல போட்டுக்கிட்டா கை தேஞ்சிடுமா?"

அன்று சாயந்திரம் ஆபீஸ் பெஞ்சில் பேனாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மெமோவுக்கு அவர் பயப்படவில்லை. மாடி போய்விடும், மனைவி அண்ணனை இழப்பாள், அதற்குத்தான் பயந்தார். 'ஆண்டவரே, வேற யார் மச்சானாவது செஞ்சிருக்கக் கூடாதா?' என்று கோபமாகவே கேட்டார். பிறகு நடந்ததை நடந்தபடி, சாவி இருக்கும் இடம் உட்பட, எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நல்லது நடந்தது: ஆபீஸ் ஆள் போய்ச் சாவியை எடுத்து வந்தான். மற்றபடி ஒரு இலைகூட அசையவில்லை. ரிப்போர்ட் ஏதோ அலமாரிக்குள் போயிற்று. அடுத்த ஞாயிறு மச்சான்தான் முன்னால் நின்று, பொதுமக்களுக்காக உழைப்பவர்களுக்காக உருக்கமாக ஜெபித்தார். சாவி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆமென்' சொன்னார். அந்த மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

கிடைத்தது மேட்டுத் தெருக் கடைசி வீடு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது. ஒரு குடம் நிறைய மனைவி கால் கடுக்க நிற்கிறாள். குடிவந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து பல்லைக் காட்டினார்.

"இப்ப நீங்க நம்ம தெரு ஆளு. கடைத்தெருவுக்கு ஒரு ரெண்டு சுத்துக் குறைங்கண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குமா?" என்று வெடித்தார். "உங்களுக்காகத்தானய்யா நான் வீட்டை விட்டே வந்து கெடக்கேன்! ஆஸ்பத்திரிக்கு யாரு தண்ணி சுமக்கிறது, நீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மனைவி குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு சுத்துக் குறைச்சாக்கூடவா..."

அவர் சைக்கிளில் சாவியைக் கட்டினார். எரிச்சலோடு இறங்கிப் போய், கடைத்தெரு முனைக் குழியில் சாவியை இறக்கி, வலப்பக்கம் சுற்றத் தொடங்கினார். பன்னிரண்டாவது சுற்றில் கை தானாக ஒருமுறை நின்றது. தன்னையே திட்டிக்கொண்டு மீதி இரண்டையும் சுற்றினார்.