பூங்கோதை கிழித்த கட்டுரை

முந்தாநாள் காலை எங்கள் செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. "பூங்கோதை அக்கா போயிடுச்சி சார். மாரடைப்பாம்," என்றார் அவர் பக்கத்து வீட்டுக்காரர். சரி என்று வைத்துவிட்டு எலிகளுக்குத் தீனி போட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

முனைவர் பூங்கோதை மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் சேர்ந்தார். அவர் தம்பி ஏழுமலைக்குத் தசைச் சிதைவு நோய். தசையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். பிடிவாதக்காரர்.

தசைக்குள் தண்டுச் செல்கள் உறங்கிக் கிடக்கும். காயம்பட்டால் விழித்துப் பெருகி, புதுத் தசைக்கு முன்னோடிச் செல்களாகும். இரண்டிலும் மரபணுக்கள் ஒன்றுதான். எதில் எது வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. உறங்கும் செல்களில் மட்டும் ஓங்கி வேலைசெய்த ஒரு மரபணுவைக் கண்டதும், அவற்றை உறங்கவைப்பது அதுதான் என்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். தம்பியிடமும் சொல்லிவிட்டார். கட்டுரை தயாரானது.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. செல்கள் தளர்ந்து பிரிய, எலித் தசையை வெதுவெதுப்பான நொதியில் ஊறவைத்துவிட்டு ரயில்வே கேட் பக்கம் டீ குடிக்கப் போவோம். பேச்சு நீளும். திரும்பி வந்துதான் செல்களைப் பிரிப்போம். ஒருநாள் அடைமழை, போகவில்லை. ஊறியதும் பிரித்துப் பார்த்தால் அந்த மரபணு மூச்சே விடவில்லை. மறுபடி செய்தார். அப்படியேதான்.

"நாம டீ குடிச்சிகினு இருந்தப்போ அதுங்க முழிச்சிகினு இருந்துச்சிங்க சார்," என்றார். பதற்றத்தில் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். உறங்குகின்றன என்று நாங்கள் நம்பிய செல்களை எங்கள் தாமதமே எழுப்பியிருக்கிறது; அந்த மரபணு உறக்கத்துடையதல்ல, விழிப்பின் தொடக்கம்.

"அனுப்பிடுங்கம்மா, யாரு கேக்கப்போறா?" என்றார் துறைத்தலைவர்.

"எந்தம்பி கேப்பான் சார்."

கட்டுரையைக் கிழித்துப் போட்டார். அன்று மாலையே குப்பத்துக்குப் போய்த் தம்பியிடம் உள்ளதைச் சொன்னார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

முந்தாநாள் பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். வாய்க்கரிசி போட ஏழுமலையை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அரிசியைக் கையில் வைத்தார்கள். கை மடியை விட்டு எழவில்லை.

"எங்கக்கா ஒரு தபாகூட பொய் சொன்னதில்ல சார்," என்றார் என்னைப் பார்த்து. "கொஞ்சம் தூக்கி வுடுங்க."

மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். எலும்பும் தோலும்தான் கைக்குத் தட்டுப்பட்டன. அவர் அக்காவின் உதட்டருகே கொண்டுபோனேன். விரல்களையும் நானே பிரித்துவிட வேண்டியிருந்தது. அரிசி விழுந்தது.

போய்வாருங்கள், பூங்கோதை.