முழுக்கைச் சட்டைக்குள் ஒரு வண்டு

பிள்ளைகளே, என் இடது கையில் காதை வைத்து, "அப்பா, உள்ள வண்டு பறக்குது" என்று சிரிப்பீர்களே, அந்தச் சத்தம் ஒரு நாள் நின்றுபோனது. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் அம்மாவோடு பள்ளிப்பட்டில். நான் கும்மிடிப்பூண்டியில், வாடகை அறையில் ஒண்டியாக. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ரத்தம் அதில் ஓடுகிற சத்தம்தான் உங்கள் வண்டு. அந்தக் கையை அழுத்தவே கூடாது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, வெயிலிலும் முழுக்கைச் சட்டையே போட்டேன்.

மாதம் ஒரு முறை ஷிப்டுக்கு முன்னால் எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பார்கள். நான் வலது கையைத்தான் நீட்டுவேன். அன்று பட்டை கட்டுகிறவர், "இன்னா நைனா, எப்பப் பாரு சோத்தாங்கையே நீட்டுற? பீச்சாங்கையில இன்னா பொதையலா வச்சிக்கினு கீற?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டிவிட்டேன்.

மறுநாள் காலை விரல் வைத்துப் பார்த்தேன். வண்டின் அதிர்வே இல்லை. சொல்ல அறையில் யார் இருக்கிறார்கள்? டயாலிசிஸ் செய்துகொள்ளும் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டயாலிசிஸ் செய்கிற பெண் தொட்டதுமே முகம் மாறினாள். "அண்ணா, ஓட்டமே இல்ல. இன்னிக்கு சரி பண்ணலன்னா டயாலிசிஸுக்குத் திரும்பவும் கழுத்துலதான் குழாய் போடணும்." கிட்னி டாக்டரை அவளே கூப்பிட்டாள். ஸ்கேன் டாக்டர் ரத்தம் உறைந்த இடத்தைப் பேனாவால் குறித்தார். ஆபரேஷன் டாக்டர் குனிந்து பார்த்து, "குழாயில சுருக்கம் இருக்கா?" என்றார்.

"இல்ல சார். ஏன் அடைச்சுதுன்னே புரியல" என்றார் ஸ்கேன் டாக்டர்.

நாலு பேரும் என் கையையே பார்த்தார்கள். "கை மேல படுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார் கிட்னி டாக்டர்.

"ஆமா சார்."

அந்தப் பெண் மட்டும், "பயத்துல தூக்கத்துலகூட அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்னு சொல்வீங்களேண்ணா" என்றாள். கூட்டத்துக்கு நடுவே அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. பிரஷர் பட்டையைச் சொன்னேன். சட்டையையும் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. "அப்போ ரத்தக்கட்டியை எடுத்தா போதும்" என்றார் ஆபரேஷன் டாக்டர். சாயங்காலம் அந்தப் பெண் என் விரலைப் பிடித்துக் கட்டின் ஓரத்தில் வைத்தாள். வண்டு பறந்தது.

திரும்ப வேலைக்குப் போன அன்று, கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவரும் இல்லை. இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன்.