தொட்டியிலிருந்து ஏறி வந்தவன்

பேத்தியை நீச்சல் வகுப்பில் விடுவதற்காகக் கே.கே. நகர் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவை ஞாபகப்படுத்துமோ என்னவோ, எனக்கு ஞானமுத்து பாஸ்டரைத்தான் ஞாபகப்படுத்தும். அவர் காலமான பிறகு சபை போட்ட நினைவு மலருக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைச் சபைக் கமிட்டி போன மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா மலர்ல வேணாமே," என்றார் செயலாளர். வேண்டாமென்றால் போகட்டும், உங்களிடம் சொல்கிறேன்.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு சின்ன பாப்டிஸ்டு சபை. அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் போதகராக இருந்தவர் அவர். அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, விவரம் தெரிந்து, தானாக வந்து 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தண்ணீர். அதுவும் தெளிப்பதில்லை, முழுக்கு. பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே சிமெண்ட் தொட்டி, இறங்க மூன்று படி. முதல் நாளே நிரப்பி, பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டுவிடுவார். கண் எரியும். பலர் பக்தியில் அழுததாகச் சொல்வார்கள், அதில் பாதி அந்தப் பவுடர் வேலை என்பது என் அபிப்பிராயம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன், கோயில் கைங்கர்யக் குடும்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸில் பக்கத்து மேஜை கிருபா. மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அவளுடைய அப்பா செல்வராஜ் அந்தச் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த ஸ்தானம். அவர் போட்டது ஒரே நிபந்தனைதான். மாப்பிள்ளை முழுக்கு எடுக்க வேண்டும், சர்டிபிகேட் கைக்கு வந்தால் மறு மாதம் கல்யாணம்.

சரி என்றேன். ஆறு வாரம் வகுப்புக்குப் போனேன். பரீட்சை எழுதியே வளர்ந்த ஜன்மம் இல்லையா, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பாஸ்டர் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். மெச்சிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையே பாடிக்கொண்டிருக்க, வெள்ளை வேட்டி சட்டையோடு இறங்கினேன். மார்பளவு தண்ணீர். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியதும் உள்ளேயிருந்த பூணூல் அப்பட்டமாகத் தெரிந்தது. முன்வரிசையில் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டரும் அதைப் பார்த்தார். என் தோளில் கை வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, இது சபைக்காகக் கேக்கலை. நெசமாவே விசுவாசிக்கிறீங்களா?" என்றார்.

ஆறு வாரம் படித்த பதில் வேறு, வாயில் வந்தது வேறு. "இல்லீங்க ஐயா. கிருபாவுக்காகத்தான்."

"சரி. மெதுவா ஏறுங்க, படி வழுக்கும்," என்றார். பிறகு சபையைப் பார்த்து, "இவருக்கு இன்னைக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போனால் அங்கே அம்மா. "காவேரி ஊரைச் சுத்தி ஓடறச்சே, எடமலைப்பட்டி புதூர்ல போய் என்னடா ஸ்நானம்?" என்றாள். இரண்டு கரையிலும் எனக்கு இடமில்லை.

கடைசியில் ரெஜிஸ்டர் கல்யாணம்தான். சாட்சிக்கு ஆள் வேண்டுமே! என் வீட்டில் யாரும் வரமாட்டார்கள், அவள் வீட்டிலும் அப்படியே. ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆளாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர் ஞானமுத்து பாஸ்டர். "கோயில்ல நடத்திவைக்க எனக்கு அனுமதியில்லை தம்பி. கையெழுத்துப் போட யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

அந்தக் கையெழுத்து அவர் வேலைக்கே உலை வைத்தது. அவரை அனுப்பிவிட வேண்டுமென்று மாமனாரே சபைக்கூட்டம் கூட்டினார். அங்கே உறுப்பினர்கள் கை தூக்குவதுதான் தீர்ப்பு. தோற்றால் வேலையோடு சபை கொடுத்த வீடும் போய்விடும், பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். உறுப்பினர் அல்லாத நான் வெளியே செருப்புகளுக்குக் காவல். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

யாரோ சமாதானமாக, "ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க பாஸ்டர், இதோட முடிச்சுக்கலாம்," என்றார்.

"எதுக்கு மன்னிப்பு?" மேடையில் கத்தாத மனுஷர் அன்றைக்குக் கத்தினார். "அந்தத் தம்பி பொய் சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் மாலை போட்டிருப்பீங்க. நெசத்தைச் சொன்னவரை என்னால தண்டிக்க முடியாது. போகச் சொல்லுங்க, சாயங்காலமே சாமானைக் கட்டுறேன்."

பாஸ்டர் இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தது. அது கிருபாவின் கை. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து தூக்கினாள். இன்றுவரை எங்கள் வீட்டுச் சண்டை எதிலும் அவள் ஜெயிப்பதற்கு அந்தக் கைதான் காரணம். அவளுக்குப் பின்னால் பெண்கள் பக்கம் முழுக்கத் தூக்கியது, ஆண்கள் பக்கம் தயங்கித் தயங்கிப் பாதி. பாஸ்டர் தப்பினார். மாமனார் என்னோடு பேச மகன் பிறக்க வேண்டியிருந்தது.

நினைவு மலரில் அவர் முழுக்குக் கொடுத்தவர்களின் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். முழுக்காமல் ஏற்றிவிட்ட ஒருவனும் அவர் செய்த ஊழியத்தில் சேர்த்திதான் என்று செயலாளரோடு சண்டை போட்டேன். இனியும் போடுவேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தொட்டியைத் தூர்த்து டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மேலே டிரம்ஸ் செட் நிற்கிறது. கிருபாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். அந்த மூன்று படி எங்கே இருந்தது என்று இப்போதும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரியும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வருஷா வருஷம் எங்கள் கல்யாண நாளன்று காலையில் பாஸ்டர் போன் பண்ணுவார். வாழ்த்தெல்லாம் கிருபாவுக்கு. என்னிடம் ஒரே கேள்வி. "என்ன தம்பி, இப்ப எப்படி?"

"இன்னும் இல்லீங்க ஐயா."

"சரி. காபி குடிச்சாச்சா?"

அவ்வளவுதான். ஒரு தடவைகூட அதற்கு மேல் வற்புறுத்தியதில்லை, ஒரு வருஷம்கூடக் கேட்காமல் விட்டதுமில்லை. இந்த வருஷக் கல்யாண நாள் போன வாரம் வந்துபோனது. காலையிலிருந்து போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதே பதிலைத்தான் வைத்திருந்தேன்.