கங்காணி அண்ணாச்சியின் முற்றம்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில், எனக்கு மேற்கு வீட்டில் ஓர் உப்பளத்துக் கங்காணி இருந்தார். விறைப்பான மனிதர். கத்தரிக்கும் வெண்டைக்கும்கூட உப்புப் பாத்தி போலவே கயிறு பிடித்துப் பாத்தி கட்டுவார். விடிந்ததும் முற்றத்தைக் கூட்டி, சருகையெல்லாம் என் எல்லையோரம் குவிப்பார். மேலக்காற்று அத்தனையையும் என் வாசலில் கொட்டும். கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடிந்தது.

“அண்ணாச்சி, நடுவுல ஒரு வேலி போடக்கூடாதா?” என்றேன்.

“காத்த அடைச்சா செடி செத்துரும்லா” என்றார்.

ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடிக்கத் தொடங்கியது. இனி என் முறை என்று விளக்குமாற்றோடு வெளியே வந்தேன். எல்லை நெடுக, இடுக்கில்லாமல் பனையோலை வேலி நின்றது.

கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு வீட்டுக் குப்ப அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது, தம்பி.”

அந்த முகத்தில் கேலியே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.