ஆஃப் கிளட்ச்

என் பெடல் ஸ்டீல் கிட்டாரின் அடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று எப்போதும் கிடக்கும். இடது கால் செருப்பு, அதுவும் என்னுடையது அல்ல. பெருவிரலுக்குக் கீழே தோல் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே பத்தொன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டிய என் மச்சான், என் மனைவியின் அண்ணன், கிளட்ச் மிதித்து மிதித்து உண்டாக்கிய பள்ளம் அது.

சர்க்கரை வியாதியால் அந்த இடது பாதத்தை எடுக்கவேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய ஊரான கீரப்பாளையத்துக்குப் போகவிடாமல், கடலூரில் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வண்டி ஓட்டிய மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், பேச்சு மட்டும் கிடையாது. இப்படியே போய்விடுவாரோ என்று என் மனைவி அடுப்படியில் நின்று அழுவாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் நான் இந்தக் கிட்டாரை வாங்கியிருந்தேன். கச்சேரிக் குழுவில் சாதாரண கிட்டார் வாசிப்பவனுக்கு நாற்பத்தாறு வயதில் வந்த பைத்தியம்! நான்கு கால்களில் நிற்கும் பலகை மாதிரி இருக்கும். பார்த்தவர்களெல்லாம் இஸ்திரி மேசையா என்றார்கள். இடது கையால் இரும்புக் கட்டையைக் கம்பிகள்மேல் நகர்த்தி, வலது கையால் மீட்டவேண்டும். இடது காலால் பெடலை மிதித்தால் கம்பி இழுபட்டுச் சுரம் ஏறும். கால் மெதுவாக எழுந்தால் சுரம் வழிந்து இறங்கும். என் கால் எங்கே மெதுவாக எழுந்தது! வெடுக்கென்று விட்டுவிடுவேன். மூன்று வாரமாகக் காலைதோறும் ஒரே வரியை வாசித்தும் அதே கோணல்தான்.

ஒருநாள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“யோவ் மாப்ள! கிளட்ச்ச ஏன்யா பட்டுனு வுடுற? வண்டி குலுங்குது. நின்னுகிட்டு வர்றவங்கல்லாம் வுழுந்துடுவாங்க.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. நான் வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

“குதிகால ஊனிக்க. முன்பாதத்த மட்டும் தூக்கு. ஆஃப் கிளட்ச்சுல வையி, பாதி மிதி பாதி வுடு. ம்... இப்ப வுடு. இன்னம் மெதுவா. ஒனக்கு அவசரம் ஜாஸ்தி.”

சங்கீதம் துளியும் தெரியாத மனிதர். அன்று முதல்முறையாக என் சுரம் குலுங்காமல் பாதிவழி இறங்கியது. மறுநாள் தன் பழைய செருப்பை எடுத்துவரச் சொன்னார்.

“எனக்கு இனிமே எதுக்கு? நீ மாட்டிக்க. அதுக்கு வழி தெரியும்.”

ஒரு மாதத்தில் என் கால் படிந்துவிட்டது. அதோடு உள்ளறையும் அமைதியாகிவிட்டது. திட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லையே! அதனால் தினமும் ஒருமுறையாவது வேண்டுமென்றே வெடுக்கென்று விட்டேன். உடனே வசவு வரும், வசவுக்குப் பின்னால் பஸ் கதை வரும், கதை முடிந்தால் டீ கேட்பார். பிறகு செயற்கைக் கால் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் காதருகே குனிந்தார்.

“தெரிஞ்சேதான் தப்பா வுடுற. டிரைவர்கிட்டயேவா?” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “சரி சரி, நடக்கட்டும்.”

ஐந்து வருடம் நடந்தது. போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று காலை, பல வாரம் கழித்து, அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் விரல் அவருடைய பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது. குதிகாலை ஊன்றினேன். சுரம் பிசிறில்லாமல் இறங்கியது. திட்ட ஆளில்லாத இந்தச் சுத்தம் யாருக்கு வேண்டும் என்று கோபம் கோபமாக வந்தது. வேண்டுமென்றே காலை வெடுக்கென்று விட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து அவர் தங்கையின் குரல் வந்தது.

“என்னங்க, வண்டி குலுங்குது. மெதுவா வுடுங்க.”